18446744073709551615: ஒரு 20 இலக்க எண்ணைக் கையாலேயே முழுதாகப் பிரிப்பது எப்படி

பெரிய எண் ஒன்றைப் பார்த்ததும் புதியவர்களுக்கு வரும் முதல் மலைப்பு, இதில் எங்கே கை வைப்பது என்பதுதான். இரண்டால் வகுபடுமா, மூன்றால் வகுபடுமா என்று நாலைந்து சோதனை செய்துவிட்டு மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடும்போது ஓர் அருமையான அனுபவம் கைநழுவிப் போகிறது. 20 இலக்கம் கொண்ட எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கலாம். அந்தக் காரணிகள் ஒவ்வொன்றும் பகா எண்தான் என்று நிரூபிக்கலாம். அதன் மற்ற குணங்களை அங்கிருந்தே எடுக்கலாம். பள்ளிக் கணிதம் தெரிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் இதைச் செய்து முடிக்க முடியும். சரியான எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சரியான வரிசையில் போக வேண்டும். அவ்வளவுதான்.

நான் எடுத்துக்கொண்ட எண் 18446744073709551615. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களிலும் சேரும் மொத்த மணிகள் இவ்வளவு. அம்பலப்புழை கோயில் பால்பாயசத்தின் கதையிலும் இதே கணக்குதான் வருகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல்பெருனி இந்த எண்ணைக் கணக்கிட்டு எழுதி வைத்திருக்கிறார். இன்றைய கணினிகளில் குறியில்லாத 64 பிட் முழு எண்ணாகச் சேமிக்கக்கூடிய மிகப் பெரிய எண்ணும் இதுவே. சுருக்கமாக எழுதினால் 2⁶⁴ − 1.

எண்ணைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்

இந்த முதல் படியிலேயே பலர் சறுக்குகிறார்கள். சாதாரண கால்குலேட்டரில் 2⁶⁴ போட்டால் 1.844674407 × 10¹⁹ என்று வரும். கடைசிப் பத்து இலக்கங்கள் போயே போய்விடும். எக்செல் போன்ற விரிதாளில் எண்ணை அப்படியே தட்டினாலும் 15 இலக்கத்துக்கு மேல் நிற்காது. 18446744073709500000 என்று மாறிவிடும். காரணிகளைத் தேடும் வேலையில் கடைசி இலக்கம்தான் உயிர். ஒன்று பிசகினால் அது வேறொரு எண். அதன் காரணிகளும் முற்றிலும் வேறு.

கையால் எழுதுவது கஷ்டமே இல்லை. 2¹⁶ = 65536. அதை வர்க்கப்படுத்தினால் 2³² = 4294967296. அதை இன்னொரு முறை வர்க்கப்படுத்த வேண்டும். பத்து இலக்க எண்ணை ஒரே மூச்சில் பெருக்காமல் 42949 என்றும் 67296 என்றும் இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியின் வர்க்கம் 1844616601. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 5780591808. இரண்டாம் பகுதியின் வர்க்கம் 4528751616. முதலாவதற்குப் பின்னால் பத்துப் பூச்சியம், இரண்டாவதற்குப் பின்னால் ஐந்து பூச்சியம் சேர்த்து மூன்றையும் கூட்டினால் 18446744073709551616 வந்துவிடும். ஒன்றைக் கழித்தால் நம் எண்.

கணினி பக்கத்தில் இருந்தால் பைத்தான் என்ற நிரல்மொழியைத் திறந்து 2**64-1 என்று தட்டுங்கள். அது முழு எண்களை எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஓர் இலக்கம்கூட விடாமல் வைத்துக்கொள்ளும். நான் அதைச் சரிபார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தச் சொல்வேன். முதலில் கையால் செய்துவிட்டு, பிறகு இயந்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

படிப்பதற்கு நம் முறையில் கால்புள்ளி போடுங்கள்: 1,84,46,74,40,73,70,95,51,615. வலப்பக்கத்திலிருந்து ஏழேழு இலக்கமாக வெட்டினால் வாய்விட்டும் சொல்லலாம். 1,84,467 கோடி கோடி, அதற்குமேல் 44,07,370 கோடி, அதற்குமேல் 95,51,615. எத்தனை இலக்கம் என்பதை எண்ணாமலே தெரிந்துகொள்ள வேண்டுமானால் 2இன் மடக்கை 0.30103ஐ 64ஆல் பெருக்குங்கள். 19.27 வரும். அதன் முழுப்பகுதியோடு ஒன்றைக் கூட்டினால் 20 இலக்கம்.

அளவை மனத்தில் நிறுத்த ஒரு கணக்கு போதும். நொடிக்கு ஒன்று வீதம் எண்ணினால் 58,454 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதைப்போல 42 மடங்கு.

சின்னச் சோதனைகள்

கடைசி இலக்கம் 5. ஆகவே ஒற்றை எண், 5ஆல் வகுபடும். இது தற்செயலாக வந்ததில்லை. 2இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றிச் சுற்றி வரும். அடுக்கு நான்கின் மடங்காக இருக்கும்போதெல்லாம் 6இல் முடியும். 64 நான்கின் மடங்கு. ஒன்று கழிந்தால் 5.

கடைசி இரண்டு இலக்கம் 15. ஐந்தில் முடியும் எந்த வர்க்க எண்ணும் 25இல்தான் முடியும். ஆகவே இது வர்க்க எண் இல்லை.

இலக்கங்களைக் கூட்டினால் 87. அது 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. நம் எண்ணுக்கும் அப்படியே.

7, 11, 13 ஆகிய மூன்றையும் ஒரே அடியில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பள்ளியில் இதை அதிகம் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு வருத்தம். 7 × 11 × 13 = 1001 என்பதுதான் இதன் அடிப்படை. எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும். நம் எண்ணில் 615 − 551 + 709 − 73 + 744 − 446 + 18. விடை 1016. இனி 20 இலக்கத்தை மறந்துவிட்டு 1016ஐ மட்டும் பாருங்கள். 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் வகுத்தால் 4, 13ஆல் வகுத்தால் 2. மூன்றாலும் வகுபடாது.

எண் பிறந்த விதத்தைப் பாருங்கள்

இதுவரை 3, 5 ஆகிய இரண்டு காரணிகள் கிடைத்திருக்கின்றன. இங்கிருந்து 17, 19, 23 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போவதுதான் புதியவர்கள் தேர்ந்தெடுக்கும் வழி. 20 இலக்க எண்ணுக்கு மோசமான நிலையில் அதன் வர்க்கமூலமான 429 கோடி வரை போக வேண்டியிருக்கும். அதற்குள் 20 கோடிக்கு மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. நம் எண் அவ்வளவு தூரம் இழுக்காது. ஆனாலும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டிவரும். கையால் நடக்கிற காரியமில்லை.

ஆகவே இலக்கங்களிலிருந்து கண்ணை எடுத்து 2⁶⁴ − 1 என்ற வடிவத்தைப் பாருங்கள். 64 இரட்டைப்படை. எனவே இது 2³²இன் வர்க்கத்திலிருந்து 1இன் வர்க்கத்தைக் கழித்தது. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்றால் கூட்டலையும் கழித்தலையும் பெருக்கியது என்ற முற்றொருமை எட்டாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. ஆகவே

2⁶⁴ − 1 = (2³² + 1) × (2³² − 1)

வலப்பக்கத்தில் 2³² − 1 மறுபடி அதே வடிவத்தில் நிற்கிறது. அதையும் உடைக்கலாம். அதில் வரும் 2¹⁶ − 1ஐயும் உடைக்கலாம். 64 என்பது இரண்டால் ஆறு முறை வகுபடுவதால் இந்த வேலை ஆறு முறை நடக்கும்:

2⁶⁴ − 1 = (2³² + 1) × (2¹⁶ + 1) × (2⁸ + 1) × (2⁴ + 1) × (2² + 1) × (2 + 1)

எண்ணாக எழுதினால் 4294967297 × 65537 × 257 × 17 × 5 × 3. நாலு வரி எழுதியதில் 20 இலக்க எண் ஆறு துண்டாகிவிட்டது. பெரிய எண் எதைக் கொடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது எப்படி உருவானது என்பதுதான் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுவே. அடுக்காகவோ, அடுக்குக்கு ஒன்று கூடவோ குறையவோ இருந்தால், வகுத்தலைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த ஆறு எண்களும் கணித வரலாற்றில் புகழ்பெற்றவை. 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று போகும் இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். ஒன்றின் காரணி இன்னொன்றில் வரவே வராது. அதற்கு நிரூபணம் இரண்டு வரிதான். 4294967297ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 2ஐக் கழித்தால் 4294967295, அதாவது 2³² − 1. அது மற்ற ஐந்தின் பெருக்கற்பலன். ஐந்தில் ஏதோ ஒன்றுக்கும் 4294967297க்கும் பொதுக் காரணி இருந்தால் அது இரண்டின் வித்தியாசமான 2ஐயும் வகுக்க வேண்டும். எல்லாமே ஒற்றை எண்கள், ஆகவே முடியாது. இந்த வாதம் பிறகு நமக்குக் கைகொடுக்கும்.

3, 5, 17 பகா எண்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 257ஐச் சோதிக்க 16 வரை பார்த்தால் போதும்; 2, 3, 5, 7, 11, 13 எதனாலும் வகுபடவில்லை, எனவே பகா எண். 65537ஐக் கொஞ்சம் தள்ளி வைப்போம். கவனம் முழுவதும் வேண்டியது 4294967297க்குத்தான்.

641ஐப் பிடிப்பது

பிரான்சில் வாழ்ந்த ஃபெர்மா 1640இல் எழுதிய கடிதங்களில் இந்த வரிசையிலுள்ள எண்கள் எல்லாம் பகா எண்கள் என்று தாம் நம்புவதாகக் குறிப்பிட்டார். முதல் ஐந்துக்கும் அது உண்மை. ஆறாவதான 4294967297 பகு எண் என்பதை 1732இல் ஆய்லர் காட்டினார். அதன் காரணி 641.

ஆய்லர் 641ஐ எப்படிப் பிடித்தார் என்று யோசித்துப் பாருங்கள். 641க்கு முன்னால் நூற்றுக்கு மேல் பகா எண்கள் இருக்கின்றன. எல்லாவற்றாலும் வகுக்கத் தேவையில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கட்டுரையில் கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஏதோ ஒரு பகா எண் 4294967297ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ‘ப’ என்று பெயரிடுவோம். அப்படியானால் 2³²ஐ ப-ஆல் வகுக்கும்போது மீதி −1, அதாவது ப-இன் ஒரு மடங்குக்கு ஒன்று குறைவு. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴இன் மீதி 1. அதாவது 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ப-ஆல் வகுத்து மீதிகளை எழுதினால், 64ஆம் இடத்தில் 1 வந்து வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இதைவிடச் சின்ன சுழற்சி இருக்குமா? இருந்தால் அதன் நீளம் 64இன் வகுத்தியாக இருக்க வேண்டும். 64ஐவிடச் சிறிய அதன் வகுத்திகள் எல்லாம் 32ஐயும் வகுக்கும். அப்போது 32ஆம் இடத்திலும் மீதி 1 ஆகியிருக்க வேண்டும். ஆனால் அங்கே −1 அல்லவா இருக்கிறது? ஆகவே சுழற்சியின் நீளம் சரியாக 64. இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி ப − 1 ஆம் இடத்தில் மீதி எப்போதும் 1. ஆகவே ப − 1 என்பது 64இன் மடங்காகத்தான் இருக்க முடியும்.

விளைவு என்ன? 4294967297இன் பகாக் காரணி ஒவ்வொன்றும் 64இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. ஐந்தாவது முயற்சியில் விடை. 19ஆம் நூற்றாண்டில் எட்வார் லூக்கா இதை இன்னும் இறுக்கினார்: 17க்கும் அதற்கு மேலுள்ள ஃபெர்மா எண்களுக்கும் இந்த மடங்கை இரட்டித்துக்கொள்ளலாம், நம் எண்ணுக்கு 64க்குப் பதில் 128 என்று. அப்போது 129, 257, 385, 513, 641 மட்டும்தான் மிஞ்சும். அதில் பகா எண்கள் 257ம் 641ம். 257 ஏற்கெனவே வேறொரு ஃபெர்மா எண், ஆகவே இங்கே வர முடியாது என்று மேலே பார்த்தோம். மிச்சம் 641. முதல் முயற்சியிலேயே விடை!

நீள வகுத்தல் போட்டுப் பாருங்கள்: 4294967297 ÷ 641 = 6700417, மீதி இல்லை. வகுக்காமலே காட்டவும் ஓர் அழகான வழி உண்டு. 641ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 5 × 128 + 1, அதாவது 5 × 2⁷ + 1. இன்னொன்று, 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதலாவதன்படி 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴இன் இடத்தில் −2⁴ஐப் போடலாம். அப்போது −2³²இன் மீதி 1. அதாவது 2³² + 1இன் மீதி 0. பத்து இலக்க எண்ணைத் தொடாமலே அது 641ஆல் வகுபடும் என்று தெரிந்துவிட்டது. இந்த நிரூபணத்தை நோட்டில் ஒருமுறை எழுதிப் பாருங்கள்; பத்தாம் வகுப்பு மட்டு எண்கணிதம் எதற்காக இருக்கிறது என்பது அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே விளங்கும்.

காரணிகள் பகா எண்கள்தானா?

காரணி கிடைத்ததும் நிறுத்திவிடுவது பொதுவான தவறு. 6700417 பகா எண் என்று யார் சொன்னது? அதையும் நிரூபித்தால்தான் பிரித்தது முழுமையாகும்.

2588இன் வர்க்கம் 6697744, 2589இன் வர்க்கம் 6702921. ஆகவே 2588 வரை பார்த்தால் போதும். சாதாரணமாக அது முந்நூற்றுக்கு மேற்பட்ட பகா எண்களால் வகுக்கும் வேலை. ஆனால் 6700417இன் காரணி எதுவானாலும் அது 4294967297க்கும் காரணி. ஆகவே 128இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவத்தில்தான் இருக்கும். 2588க்குள் அந்த வடிவத்தில் 20 எண்கள். பெரும்பாலானவை 3, 5, 7, 11, 13 ஆகியவற்றால் உடைந்துவிடும்; எஞ்சும் 1537 = 29 × 53, 1921 = 17 × 113. கடைசியில் நிற்கும் பகா எண்கள் ஐந்துதான்.

257ஆல் வகுத்தால் மீதி 170. 641ஆல் 44. 769ஆல் 120. 1153ஆல் 334. 1409ஆல் 622. எதிலும் பூச்சியம் இல்லை. ஆகவே 6700417 பகா எண்.

தள்ளி வைத்த 65537க்கும் இதே முறைதான். அதன் காரணிகள் 64இன் மடங்கோடு ஒன்று கூட்டியவை; 256 வரை பார்க்க வேண்டும். 65, 129, 193 மட்டுமே அந்த எல்லைக்குள் வரும். அதில் பகா எண் 193. வகுத்தால் மீதி 110. ஒரே ஒரு வகுத்தலில் 65537 பகா எண் என்று முடிந்துவிட்டது.

இப்போது எழுதலாம்:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை.

இனி மற்ற குணங்கள் தானாக வரும்

வகுத்திகள் எத்தனை? ஒவ்வொரு பகாக் காரணியையும் எடுக்கலாம் அல்லது விடலாம். ஏழு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு, மொத்தம் 2⁷ = 128. ஒன்றும், எண்ணும் இதில் சேர்த்தி.

வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு ஒவ்வொரு காரணியோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418. முழு விடை வேண்டாம். எண்ணைப்போல எத்தனை மடங்கு என்று தெரிந்தால் போதும். 4/3, 6/5, 18/17 என்று பெருக்கிக்கொண்டே போனால் சுமார் 1.7034 வரும். எண்ணையும் ஒரு வகுத்தியாகச் சேர்த்தும் இரண்டு மடங்கைத் தொடவில்லை. ஆகவே தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் எண்ணைவிடக் குறைவுதான். அந்தக் கூட்டுத்தொகை எண்ணுக்கே சமமாக வந்தால்தான் நிறைவெண்; இது நிறைவெண் இல்லை.

ஒன்றிலிருந்து நம் எண் வரை, இதோடு பொதுக் காரணி இல்லாத எண்கள், அதாவது சார்பகா எண்கள் எத்தனை? ஒவ்வொரு காரணியிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்குங்கள்: 2 × 4 × 16 × 256 × 640 × 65536 × 6700416. மொத்தத்தில் இது ஏறத்தாழ 49.92 சதவீதம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 4294967297 ஃபெர்மா நினைத்தபடி பகா எண்ணாக இருந்திருந்தால் இந்தப் பெருக்கல் 2 × 4 × 16 × 256 × 65536 × 4294967296 ஆகி, சரியாக 2⁶³ வந்திருக்கும். 641 நடுவில் புகுந்ததால்தான் பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டது.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக இதை எத்தனை விதத்தில் எழுதலாம்? ஒற்றை எண், வர்க்க எண்ணும் இல்லை. எனவே ஜோடி வகுத்திகள் எத்தனையோ அத்தனை. 128இல் பாதி, 64 விதம். கூட்டலாக என்றால் நிலைமை தலைகீழ். எந்த வர்க்க எண்ணையும் 8ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 ஆகிய மூன்றில் ஒன்றுதான். நம் எண்ணின் மீதி 7. இரண்டு வர்க்கங்களைக் கூட்டியும் 7 வராது, மூன்றைக் கூட்டியும் வராது. நான்கு வேண்டும். எந்த இயல் எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று 1770இல் லெக்ராஞ்ச் நிரூபித்திருக்கிறார், ஆகவே நான்கு நிச்சயம் போதும்.

வடிவியலோடு ஒரு தொடர்பும் உண்டு. 1796இல், 19 வயதுகூட நிரம்பாத காஸ், கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரையலாம் என்று கண்டார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பலகோணத்தை அப்படி வரைய வேண்டுமானால் பக்கங்களின் எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். இன்றுவரை தெரிந்தவை 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்து மட்டுமே. அவற்றைச் சேர்த்துப் பெருக்க 31 வழிகள். அவற்றில் மிகப் பெரியது 4294967295, நம் எண்ணின் வகுத்திகளில் ஒன்று. ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் 65537 பக்கப் பலகோணத்துக்கான செய்முறையைப் பல ஆண்டு உழைத்து 1894இல் எழுதி முடித்தார்.

ஏழு காரணிகள் அதிகமா, குறைவா? இதற்குப் பதில் சொன்னவர்களில் ஒருவர் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். 1917இல் ஹார்டியோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான எண்களின் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை, எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடி இயல் மடக்கை எடுத்தால் வரும் அளவை ஒட்டியே இருக்கும் என்று காட்டினார். நம் எண்ணுக்குச் செய்து பாருங்கள். முதல் மடக்கை 44.36, அதன் மடக்கை 3.79. இந்த அளவுள்ள எண்ணுக்குச் சாதாரணமாக நான்கையொட்டி இருக்க வேண்டியது, இதற்கு ஏழு இருக்கிறது. ஆறு முறை உடைந்த அந்த வடிவம் கொடுத்த கொடை அது.

அதே வடிவம் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு அடுக்கில் மூன்றே மூன்று கூட்டினால் போதும். 2⁶⁷ − 1 = 147573952589676412927. 67 பகா எண், ஆகவே முற்றொருமையை வைத்து உடைக்க வழியில்லை. இது பகு எண் என்று 1876இலேயே லூக்கா காட்டிவிட்டார், ஆனால் காரணி கிடைக்கவில்லை. 1903இல் கோல் என்ற அமெரிக்கர்தான் 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார். இரண்டே காரணிகள்.

அடுத்து நீங்கள் செய்து பார்க்க

சுலபமானதிலிருந்து தொடங்குங்கள். 999999999999, பன்னிரண்டு ஒன்பதுகள். 10¹² − 1 என்று எழுதிக்கொண்டு உடையுங்கள். வழியில் 1001ஐ மறுபடி சந்திப்பீர்கள். 3 மட்டும் மூன்று முறை வரும் என்பதால் வகுத்திகளை எண்ணும்போது கவனம் தேவை: மூன்று முறை வரும் காரணிக்கு இரண்டு வாய்ப்பு இல்லை, நான்கு. கடைசியாக நிற்கும் 9901 பகா எண் என்பதை நீங்களே நிரூபியுங்கள்.

அது முடிந்ததும் 2¹²⁸ − 1க்குப் போகலாம். முதல் அடியிலேயே அது (2⁶⁴ + 1) × (2⁶⁴ − 1) ஆகிவிடும். இரண்டாவது துண்டு முழுவதும் ஏற்கெனவே உங்கள் நோட்டில் இருக்கிறது. மிச்சம் 18446744073709551617, அடுத்த ஃபெர்மா எண். அதன் காரணிகள் 256இன் மடங்கோடு ஒன்று கூட்டியவை. 257, 513, 769 என்று ஏறிக்கொண்டே போங்கள். கையால் செய்ய நீளம்தான், ஆனால் பைத்தானில் வகுத்து மீதி பார்க்க % குறி போதும். 256ஐ 1071ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டும் இடத்தில் (2**64+1) % 274177 என்று தட்டுவீர்கள். பூச்சியம் வரும். மறுபக்கம் நிற்கும் 67280421310721 பகா எண்ணா என்பதைச் சோதிக்க எத்தனை எண்களால் வகுக்க வேண்டும் என்று, வகுக்கத் தொடங்கும் முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள்.